கம்பளியாரின் கோடைச் சிக்கனம்

"அப்பா, ஏசி ரிமோட் எங்கப்பா?"

மகள் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். கம்பளியார் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்தபடி செருப்பை மாட்டினார்.

"அங்கதான் எங்கயாவது கிடக்கும். நல்லாத் தேடும்மா."

எவ்வளவு நன்றாகத் தேடினாலும் கிடைக்காது. ரிமோட் அந்தப் பைக்குள், தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் இருந்தது. ஒரு வாரமாக அதுவும் அவரோடு வேலைக்குப் போய், அவரோடு வீடு திரும்புகிறது.

அவருக்கு வேலை, மருந்து வைக்கிற குளிர்பதனக் கிடங்கில். ஊரே வெந்துகொண்டிருக்கும்போது அவர் மட்டும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நடுங்கியபடி பெட்டி எண்ணுவார். கம்பளியார் என்று கிடங்கில் வைத்த பட்டப்பெயர் எப்படியோ வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. எட்டு மணி நேரம் விறைத்துப்போய் வருகிறவருக்கு வீட்டு வெக்கை சொர்க்கம்.

"ஆஹா, என்ன இதமா இருக்கு!" என்று கூடத்தில் காலை நீட்டுவார்.

"இதமாவா? எனக்கு உயிரே போகுது!" என்பாள் மனைவி, பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. கோடை முடிந்ததும் மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வெக்கை ஆகாது, உடம்பெல்லாம் வேர்க்குரு கிளம்பிவிடும். விடுதியில் ஏசி அறை வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இந்தக் கோடையில் கரண்ட் பில்லில் மிச்சம் பிடித்தால் கட்டிவிடலாம். கடைசி நாளில் சொல்லி அவளை அசத்த வேண்டும் என்பது திட்டம். விடுதியில் வரப்போகிற வேர்க்குருவை வீட்டிலேயே வரவழைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த மனிதரின் புத்திக்கு எட்டவில்லை.

ரிமோட் கிடைக்காததால் சன்னலைத் திறந்தார்கள். அனல் அடித்தது. கம்பளியார் ஒரு போர்வையை நனைத்து சன்னலில் தொங்கவிட்டார். மறுநாளே கீழ்வீட்டு அம்மா படியேறி வந்துவிட்டார்.

"ஊர்ல ஒரு சொட்டு மழை கிடையாது. எங்க வீட்டுக் கொடியில மட்டும் கொட்டுது. காயப்போட்ட துணியெல்லாம் ஒரே சாயம்!"

போர்வையை எடுத்தார். அதற்குள் மரச் சன்னல் ஈரத்தில் ஊறி உப்பிவிட்டது. எவ்வளவு தள்ளியும் சாத்த முடியவில்லை. கொசு குடும்பத்தோடு குடிவந்தது. கொசுவர்த்தி ஏற்றினார். மனைவிக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"விடு, நான் ஐஸ் கொண்டுவர்றேன். ஃபேன் முன்னால வச்சா ஏசி தோத்துப்போகும்," என்றார்.

கிடங்கில் கழித்துக் கொட்டுகிற ஐஸ்கட்டிகளைச் சாப்பாட்டு டப்பாவில் அள்ளிக்கொண்டு கிளம்பினார். வாசலுக்கு வருவதற்குள் பை ஒழுக ஆரம்பித்தது. காவலாளி நிறுத்தினார்.

"பையைத் திறங்க சார்."

ஐஸைப் பார்த்துச் சிரித்தார். ரிமோட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இது என்ன?"

"எங்க வீட்டு ரிமோட்டுப்பா."

"வீட்டு ரிமோட்டுக்கு இங்க என்ன சார் வேலை?"

நியாயமான கேள்வி. கம்பளியார் ஈரப் பையோடு திருதிருவென்று விழித்தார். மேனேஜர் அறை ரிமோட்டும் அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்குமாம். "விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்," என்று ஒரு உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் மகள் கழுத்து, கை எல்லாம் சிவந்து தடித்திருந்தது. கூடத்துத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, சொறியாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கம்பளியார் அந்த நிமிடமே ஏசியைப் போட்டிருப்பார். கையில் ரிமோட் இல்லை. கடை கடையாக ஏறி இறங்கினார். ரொம்பப் பழைய மாடலாம், எங்குமே இல்லை என்றார்கள்.

"நான் இவளைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறேங்க. ரெண்டு நாள் இருந்துட்டு வர்றோம்," என்றாள் மனைவி.

ரெண்டு நாள் ரெண்டு வாரமாகி, அதற்கு மேலும் நீண்டது.

"எப்பம்மா வர்ற?" என்று போனில் கேட்பார்.

"மாமா வீடு ஜில்லுன்னு இருக்குப்பா. நீங்களும் வந்துடுங்களேன்."

"எனக்கென்னம்மா, பகல் பூரா ஜில்லுதானே."

போனை வைத்த பிறகு, போயிருக்கலாமோ என்று தோன்றும். மச்சான் எதிரில் போய் எந்த முகத்தோடு உட்காருவது? ஆள் இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் எதற்கு என்று அணைத்தார். டிவி எதற்கு என்று பிளக்கைப் பிடுங்கினார். ஒரே ஒரு பல்பின் கீழே தனியாகச் சாப்பிட்டார். இப்போது அந்த வெக்கை அவருக்கும் இதமாக இல்லை. பேச்சுக்கு ஆள் இல்லாத வீடு புழுங்கத்தான் செய்தது. மகள் ஊருக்குப் போக இருந்த நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

விசாரணை ஒருவழியாக முடிந்து ரிமோட் திரும்பி வந்தது. ஓட்டமாக ஓடி இருவரையும் அழைத்துவந்தார். அதற்குள் மகள் கிளம்ப ஒரே ஒரு நாள்தான் பாக்கி. அவள் பெட்டி அடுக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுத்தார். தேக்கிவைத்த ரகசியத்தை அப்போதுதான் சொன்னார்.

"உனக்கு ஏசி ரூமுக்கு மிச்சம் பிடிச்சிருக்கேன்மா. பில் வந்ததும் பணத்தைக் கட்டிடறேன். ரூம் மாத்திக்கோ."

மகள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"இதுக்காகவாப்பா? சொல்லியிருந்தா அந்த ரூமே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே. இந்தக் கோடை முழுக்க நம்ம வீட்டுலயே இருந்திருப்பேன்."

கம்பளியார் மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

அவளை ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், மின் கணக்கு எடுப்பவர் பில்லை நீட்டினார். போனது போகட்டும், பிள்ளைக்கு அறையாவது கிடைக்குமே என்று ஆசையாக வாங்கிப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது.

"தம்பி, இது வேற யார் வீட்டு பில்லோ?"

"உங்களோடதுதான் சார். கோடையில ஒரு குடும்பம் இருக்குற வீட்டுல இவ்வளவு கம்மியா ஓடினா, எங்க கணக்குல மீட்டர் ரிப்பேருன்னு அர்த்தம். ரிப்பேருன்னா போன வருஷக் கோடைக்கு என்ன வந்துச்சோ அதையே போட்டுடுவோம். ரூல்ஸ் சார்."

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு! நாங்கதான் ஏசியே போடலைப்பா! ஃபிரிட்ஜைக்கூட அணைச்சு வச்சிருந்தேன்!"

கணக்கெடுப்பவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் உண்மையாகவே பரிதாபம் இருந்தது.

"அடடா, போட்டுக்கிட்டே இருந்திருக்கலாமே சார். போட்டிருந்தாலும் இதே காசுதான்."