ஆவி எடுத்த பேட்டி

இலங்கைத் தீவில் இதுவரை பிறந்த ஆட்களில், செத்தவர்களுக்கு மைக் நீட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த ஒரே மனிதன் எங்கள் ஆவிதான். வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. கம்பஸில் பரீட்சை மண்டபத்தைத் தவிர வேறெங்கும் அதை யாரும் உச்சரித்ததில்லை.

நாங்கள் படித்தது பொது வரலாறு. சனங்களின் கதைகளைச் சேகரித்து, சனங்களே வந்து பார்க்கும்படி கண்காட்சியாக வைக்கிற படிப்பு. கடைசி வருடத்தில் என்னையும் ஆவியையும் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த பழம்பொருள் வைக்கும் ஒரு சின்ன நூதனசாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாவியைச் சுற்றி வாழ்ந்தவர்களைப் பேட்டி எடுத்து வருவதுதான் வேலை.

"வயசானவங்களப் பாத்துக் கதைங்க. அவங்கதான் நேரில கண்ட சாட்சி" என்றார் பொறுப்பாக இருந்த மேடம்.

ஆவி கையை உயர்த்தினான். "இல்ல மேடம். செத்தவங்கதான் நேரில கண்ட சாட்சி. உயிரோட இரிக்கிறவங்க எல்லாம் தப்பி ஓடினவங்க."

மேடம் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார்.

காத்தான்குடியில் லுங்கிச் சாரம் நெய்கிற ஒரு பழைய கைத்தறிக் கொட்டிலுக்குப் போனோம். கொட்டில் முதலாளி தேத்தண்ணி சொல்ல வெளியே போன இடைவெளியில், ஆவி தறிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து போனை நீட்டினான். "நீங்க முதல்ல நெய்த சாரம் என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டு, "ஓம்... ஓம்... பிறகு?" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். திரும்பி வந்த முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, ஆருக்கிட்டக் கதைக்கிறீங்க?"

"உங்கட வாப்பாக்கிட்ட."

"அவர் மவுத்தாகி எவ்வளவு காலம்!"

"அதுதான் பதில் மெதுவா வருது."

அன்று அந்தக் கொட்டில் நேரத்துக்கு முன்பே பூட்டப்பட்டது. தேத்தண்ணி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவனை மேடம் தெய்வானை அம்மாவிடம் அனுப்பியிருக்கக் கூடாது. படுவான்கரையில், வாவியை ஒட்டிய வளவில் தனியாக இருந்தவர் அவர். யுத்த காலத்தில் அவருடைய கணவர் ஒரு விடியற்காலை மீன்பிடிக்கப் போனார். தோணி மட்டும் திரும்பி வந்து கரையில் தட்டி நின்றது. அதன்பிறகு கதை கேட்டு வந்த எல்லாரையும் தெய்வானை அம்மா வளவு கூட்டுகிற தும்புத்தடியோடு துரத்தியிருக்கிறார்.

நாங்கள் போனது உச்சி வெயிலில். காற்று துளியும் இல்லை. வாவி எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பூவரச மரத்தடியில் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார ஒரு மரக் கதிரை.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. போங்க மனே" என்றார், தும்புத்தடியைக் கையில் எடுத்தபடி.

"உங்களக் கேக்கல்ல அம்மா. இவரத்தான் கேக்க வந்தன்" என்று ஆவி வெறும் கதிரையைக் காட்டினான். போனை அதன்மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். நான் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

"ஐயா, அண்டைக்கு விடிய என்ன நடந்த?"

நிழலில் படுத்திருந்த நாய் எழும்பியது. கதிரையை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டது. மரத்தில் கத்திக்கொண்டிருந்த காகங்களையும் காணவில்லை.

"அண்டைக்குச் சண்டை பிடிச்சம்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. பேசியது தெய்வானை அம்மா. "அவள் சோறு கட்டித் தரல்ல. நான் கோவத்தில தோணிய எடுத்துப் போனன்."

'அவள்' என்று அவர் சொன்னது தன்னைத்தான் என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரமெடுத்தது. குரல் அவருடையதுதான். ஆனால் வெற்றிலையை ஒதுக்கிவிட்டுப் பேசும் ஆம்பிளையைப்போல நிறுத்தி நிறுத்தி வந்தது. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை.

ஆவி திரும்பவில்லை. கதிரையிடமே கேட்டான். "பசியோடயா போனீங்க?"

"இல்ல. துறையில மாணிக்கம் புட்டுத் தந்தான். பாதியத் திண்டன். அவள் சோறு கட்டாததையே நினைச்சு இன்னும் அழுறாள். நான் பசியோட போகல்ல எண்டு சொல்லுங்க."

"இப்ப எங்க இரிக்கிறீங்க?"



"இஞ்சதான். நீ கொஞ்சம் தள்ளி இரி மனே."

ஆவி மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தான். நான் வேலிக்கு வெளியே நின்றேன். எப்படி அங்கே போனேன் என்று இன்றுவரை தெரியாது.

தும்புத்தடி கீழே விழுந்தது. தெய்வானை அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் வழக்கமான குரலில், "தேத்தண்ணி குடிப்பீங்களா?" என்றார்.

ஒலிப்பதிவைக் கேட்ட மேடத்துக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. கண்காட்சியில் இதுதான் முதலில் என்றார்.

"ஏலாது மேடம். பேட்டி தந்தவர்ர அனுமதி இல்ல" என்றான் ஆவி.

"பேட்டி தந்தது அந்த அம்மா!"

"அவ பக்கத்தில நிண்டவ."

எரிச்சலோடு மேடம் எங்களையும் இழுத்துக்கொண்டு, புட்டுக் கதை உண்மையா என்று பார்க்க மாணிக்கத்தைத் தேடிப் போனார். மாணிக்கம் கிழவனாகிவிட்டிருந்தார். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். காணாமல் போன அன்று தெய்வானை அம்மாவின் கணவருக்குச் சாப்பிட ஏதும் கொடுத்தீர்களா என்று மேடம் கேட்டதும் அவர் கை நின்றது.

"புட்டு" என்றார். "உங்களுக்கு ஆர் சொன்ன? கடைசியாக் கண்டவன் நான் எண்டு தெரிஞ்சா என்னையும் விசாரணைக்குப் பிடிப்பாங்க எண்டு, என்ர பொஞ்சாதிக்கும் நான் சொல்லல்ல."

மேடம் பக்கத்திலிருந்த தோணியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். அதன்பிறகு கண்காட்சியில் அதைப் போடுவது பற்றி அவர் பேசவில்லை.

மாணிக்கம் அப்போதே எங்களோடு புறப்பட்டு வந்தார். இத்தனை வருடமாக மிதிக்காத அந்த வளவுக்குள் நுழைந்து, "தங்கச்சி, அவன் அண்டைக்குப் பசியோட போகல்ல" என்று அழுதார்.

"தெரியும் அண்ணே. அவர் சொன்னார்" என்றார் தெய்வானை அம்மா. "வாங்க, இரிங்க."

அவர்கள் இருவரும் பேசத் தொடங்கினார்கள். ஆவி ஒலிப்பதிவை அந்த அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை அழித்தான்.

மட்டக்களப்புப் பட்டணத்துக்கு வந்து கல்முனை பஸ் ஏறினோம். ஆவியின் வீடு கல்முனையில், என் வீடு வழியில் குருக்கள்மடத்தில். பஸ் புறப்பட்டதும் அவன் என் காதுக்குள் சொன்னான்: "மச்சான், அவ அந்தக் குரல்ல கதைக்கத் தொடங்கின நேரம் எனக்குக் கால் ரெண்டும் செத்துப்போச்சுடா. எழும்பி ஓட ஏலாமத்தான் இருந்தன்."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். குருக்கள்மடம் வந்தது. நடத்துநர் என்னைப் பார்த்து இருமுறை சத்தம் போட்டார். நான் எழும்பினால் அவன் தலை கம்பியில் அடிபடும். கல்முனைக்கு இன்னொரு டிக்கெட் எடுத்தேன்.