சீர்த்தட்டில் ஒரு கம்பளிப் பர்ஸ்

பிளான் பார்த்து வீடு கட்டுகிறவனுக்கு, தாளில் வரைந்திருப்பது எதுவானாலும் கட்டிவிடலாம் என்றொரு திமிர் வந்துவிடும். எனக்கும் வந்தது. நான் ஆலங்குடிப் பக்கம் கட்டட சூப்பர்வைசர். ‘தாள்ல இருக்கிறதை மாத்தாதீங்கய்யா’ என்று கொத்தனார்களிடம் தொண்டை வறளக் கத்துகிற ஆள்.

அரிமளத்தில் இருக்கும் என் அக்கா மகள் யாழினிக்கு அப்போது அஞ்சு வயசு. காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போடுவது, காது குத்துவது எல்லாம். பிள்ளையோ ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். சமாதானம் பேசச் சொல்லி அக்கா போனை அவளிடம் கொடுத்தாள்.

“மாமா, எங்க கிளாஸ் நிலா ரோஸ் கலர்ல குட்டியா ஒரு பர்ஸ் வச்சிருக்கா. அது மாதிரி கொண்டா. அப்பத்தான் ஒம் மடியில ஒக்காருவேன்.”

“நாளைக்கே கடையில வாங்கிர்றேன் தங்கம்.”

“அவளுக்கு அவங்கம்மா பின்னிக் குடுத்துச்சு. ஒனக்குப் பின்னத் தெரியாதா?”

“வீடே கட்டுறேன், பர்ஸ் பின்ன மாட்டேனா?” என்றேன். (தெரியாது என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகியிருக்கும்.)

குரோஷா என்கிற கொக்கிப் பின்னலுக்குச் செய்முறை ஒன்றை அச்செடுத்தேன். மெல்லிய பருத்தி நூல், சின்ன கொக்கி ஊசி, முதல் சுற்றில் ஆறு கண்ணி, அடுத்ததில் பன்னிரண்டு என்று தெளிவாகப் போட்டிருந்தது. புதுக்கோட்டைக் கடையில் அந்த நூல் ரோஸில் இல்லை. “ஸ்வெட்டர் கம்பளி இருக்கு சார். நல்லா ஒழைக்கும்” என்றார் கடைக்காரர். கூடவே அதற்கேற்ற தடி ஊசியும் கொடுத்தார். இதையே ஒரு கொத்தனார் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நானோ சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

கண்ணிக் கணக்கில் ஒரு பிசகும் கிடையாது. சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து எண்ணி எண்ணிப் பின்னினேன். தாளில் உள்ளங்கை அளவு என்றிருந்தது, என்னுடையது தேங்காய் அளவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. முடித்தால் சுருங்கும் என்று நம்பினேன். (எந்த வீடாவது குடிபோன பிறகு சுருங்கியிருக்கிறதா?)

கோயிலில், ‘பர்ஸ் தட்டுல இருக்குத்தா’ என்று சொல்லியே மொட்டைக்கு உட்கார வைத்துவிட்டேன். ஆசாரி காது குத்தும் ஊசியை எடுத்ததும் யாழினி மடியைவிட்டு இறங்கிவிட்டாள்.

“மொதல்ல பர்ஸக் காட்டு.”

சீர்த்தட்டில் பட்டுப்பாவாடைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததைப் பெரியம்மா உருவி எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

“ஏப்பா, கன்னுக்குட்டிக்கு மாட்டுற வாய்க்கூட்டை எதுக்குச் சீர்ல வச்சிருக்க?”

மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். யாழினி மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. அக்கா தன் தலையில் கைவைத்தாள்.

“மாமாவுக்கு அளவு தப்பிப்போச்சுத்தா,” என்றேன். “பத்து நாளாப் பின்னுனேன்.”

“நீயேவா?”

“நானேதான்.”

வாங்கி உள்ளே கையை விட்டாள். முழங்கை வரை போனது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு, சந்தனம் காயாத மொட்டைத்தலையில் அதைக் கவிழ்த்து இழுத்தாள். அளவெடுத்ததுபோல் இறங்கியது. காது ரெண்டும் வெளியே, கண் ரெண்டும் உள்ளே.

“இப்ப ஊசி தெரியல மாமா,” என்றபடி தடவிக்கொண்டே வந்து மடியில் ஏறி, என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

குத்தும்போது அழுதது ரெண்டே பேர். அவள் சீக்கிரம் நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து சொந்தத்தில் எங்கே காதுகுத்து என்றாலும், “குல்லா வருதா?” என்றுதான் எனக்கு போன் வரும். இதுவரை ஏழு பின்னியிருக்கிறேன். போன மாசம் யாழினியின் தம்பிக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடித்தார்கள். தாய்மாமன் என்ற இடத்தில் என் பேருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் ‘குல்லா’ என்று அச்சாகியிருந்தது. திருத்தச் சொல்லிச் சத்தம் போடலாமென்று அக்காவுக்கு போன் போட்டேன். யாழினி எடுத்தாள்.

“நாந்தான் மாமா எழுதிக் குடுத்தேன். வெறும் பேரைப் போட்டா நீதான்னு யாருக்குத் தெரியும்?”

இன்னும் பத்துப் பத்திரிகை சேர்த்து வாங்கிக்கொண்டேன்.