விலை கேட்கும் உரிமை

கராஜில் பழைய கிரைண்டரைத் தேடிப் போன மரகதத்தின் கையில் நீளமான அட்டைப் பெட்டி ஒன்று அகப்பட்டது. மான் வேட்டைக்கு வில் வாங்கியிருப்பதாகக் கணவர் சேனாபதி சொல்லியிருந்தார்; விலையை மட்டும் சொல்லவில்லை. பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அதைச் சொல்லிவிட்டது.

"ஏனுங்க, எழுநூறு டாலரா?"

சேனாபதி டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். மரகதம் டி.வி.யை அணைத்தாள்.

"காம்பவுண்ட் வில்லு மரகதம். ரெண்டு முனையிலயும் கப்பி இருக்குது பாரு. முழுசா இழுத்துட்டா பாரமே தெரியாது. எங்க மேனேஜர் டீம்ல எல்லாரையும் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கார்."

"ரெண்டு கப்பிக்கு எழுநூறா?"

"இது பிரீமியம் மாடல்."

"வெங்கடாசலம் அண்ணனும் உங்க டீம்தானுங்களே? அதே கடையில அவரு இருநூத்தம்பதுக்கு வாங்கியிருக்காரு. அவரு சம்சாரம் வசந்தாமணி பெட்டியவே எடுத்துக் காட்டினா. நாளைக்கே ரிட்டர்ன் பண்ணிருங்க. முப்பது நாள் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்குது."

ரிச்சர்ட்சன் நகரில் வாழும் எந்தத் தமிழ்க் குடும்பமும் முப்பது நாள் முடியும்வரை எந்தப் பெட்டியையும் எறிவதில்லை. அந்த நல்ல பழக்கமே தம் குடியைக் கெடுத்துவிட்டதை எண்ணி, சேனாபதி எழுந்து போனார்.

மறுநாள் ஆயுத பூஜை. பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு பூஜை அலமாரியின் முன் வந்த மரகதம் திகைத்து நின்றாள். கார்ச் சாவி, லேப்டாப், மிக்ஸி ஆகியவற்றின் நடுவே வில் நிமிர்ந்து நின்றது. கப்பிகளுக்குச் சந்தனம், நாணின் நடுவில் குங்குமம்.

"சாமிக்கு வெச்ச பொருளை யாராவது கடையில திருப்பிக் குடுப்பாங்களா?" என்றார் சேனாபதி, கற்பூரத்தை ஏற்றியபடியே.

"சாமிகிட்ட நான் பேசிக்கறனுங்க" என்றாள் மரகதம்.

பூஜை முடிந்ததும் பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வில்லோடு அமர்ந்தாள். சந்தனம் போயிற்று. குங்குமமோ, தேய்க்கத் தேய்க்க நாண் முழுவதும் பரவி, அதைப் பூப்பெய்திய பெண்ணின் தாவணிபோலச் சிவக்க வைத்தது.

"இப்ப எவன் எடுத்துக்குவான்?" என்றார் சேனாபதி. அவர் குரலில் வருத்தம் இல்லை.

அந்த நேரத்தில்தான் வெங்கடாசலமும் வசந்தாமணியும் சுண்டலுக்கு வந்து சேர்ந்தார்கள். சிவந்த நாணைப் பார்த்த வசந்தாமணி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மோவாயில் கை வைத்தாள்.

"எழுநூறா? எங்க வீட்டுக்காரரு ஒரு டாலரை வேஸ்ட் பண்ண மாட்டாருக்கா. அவரு எங்க வில்லுக்கு எப்படிச் சந்தனம் வெச்சாருங்கறீங்க! மேலருந்து கீழ வரைக்கும், கம்பெனிப் பேருகூடத் தெரியாம பூசிட்டாரு. அவ்வளவு பக்தி."

வெங்கடாசலம் சுண்டலை மென்றுகொண்டே தரையைப் பார்த்தார்.

"சீப் வில்லும் இதும் ஒண்ணாயிருமா?" சேனாபதிக்கு ரோஷம் வந்தது. "விலைக்குத் தகுந்த வேலை செய்யும்!"

மரகதம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு விஜயதசமி. பூஜை போட்ட ஆயுதத்தை எடுத்து வேலை செய்யற நாளு. ரெண்டு பேரும் வில்லு வாங்கின கடைக்குப் பின்னால இருக்கற ரேஞ்ச்ல ஆளுக்குப் பத்து அம்பு விடுங்க. உங்க வில்லு ஜெயிச்சா, இனிமே இந்த வீட்டுக்கு நீங்க எது வாங்கியாந்தாலும் வெலை என்னன்னு நான் வாயைத் தொறந்து கேக்க மாட்டேன். தோத்தா, அங்கயே ரிட்டர்ன்."

பதினாறு ஆண்டு இல்லறத்தில் இப்படி ஒரு பந்தயத்தை அவள் வைத்ததில்லை. சேனாபதி அவசரமாகத் தலையாட்டினார்.

"எதுக்குங்க போட்டியெல்லாம்? எனக்கு அந்த வில்லைப் புடிக்கவே தெரியாது" என்று வெங்கடாசலம் முனகினார்.

"போவாருக்கா!" என்றாள் வசந்தாமணி.

மறுநாள் மாலை, அலுவலகம் விட்டதும் வசந்தாமணி தவிர மற்ற மூவரும் ரேஞ்சில் கூடினார்கள். வெங்கடாசலத்தின் வில்லில் சந்தனம் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"தொடச்சுட்டு வர்றதுதானேப்பா?" என்றார் சேனாபதி.

"பூஜைச் சந்தனங்க. மூணு நாளைக்குத் தொடக் கூடாதுன்னு எங்க வீட்டு வழக்கம்."

மூன்று வாரம் சனி, ஞாயிறு பாராமல் பழகியிருந்த சேனாபதி பத்து அம்புகளில் ஆறை இலக்கின் நடுவிலிருந்த மஞ்சள் வட்டத்தில் செருகினார். அவரே எதிர்பாராத கணக்கு அது. "இப்ப சொல்லு!" என்று மனைவியின் பக்கம் திரும்பினார்.

வெங்கடாசலம் வில்லை இழுத்தார். எண்ணெயிட்ட தாழ் திறப்பதுபோல் ஓசையின்றி வந்தது நாண். முதல் அம்பு மஞ்சளில். இரண்டாவது அதன் தோளை உரசிக்கொண்டு நின்றது. மூன்றாவது அம்பை அவர் கண்ணை மூடிக்கொண்டு விட்டாற்போல் மரகதத்துக்குத் தோன்றியது, அதுவும் மஞ்சளில். பத்து முடிந்தபோது ஒன்பது உள்ளே இருந்தன.

வென்றவர் முகத்தில் ஈயாடவில்லை. "வர்றனுங்க, வீட்ல வேலை இருக்குது" என்று வில்லைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார்.

"வில்லு நல்ல வில்லுதான் மரகதம். எனக்குத்தான் இன்னிக்குக் கை நிக்கல."

"எழுநூறு டாலரு கைக்குக் குடுத்தீங்களா, வில்லுக்கா? வில்லைக் குடுங்க. போயி கார்ல உக்காருங்க" என்று மரகதம் வில்லை வாங்கிக்கொண்டாள்.

கல்லாவில் நரைத்த தாடியோடு இருந்த கடைக்காரர் வெர்னன், சிவந்த நாணை விரலால் தடவிப் பார்த்தார். ரத்தமல்ல என்று உறுதி செய்துகொண்டு, நாணுக்குரியதை மட்டும் கழித்துப் பணத்தைத் திருப்பினார். மரகதம் வெற்றியின் பெருந்தன்மையில் இருந்தாள். தானறிந்த ஆங்கிலத்தைத் திருத்தமாக அடுக்கிப் பேசினாள்.

"இப்போது வென்றதே, அதேபோல் ஒரு வில் என் கணவருக்குக் கொடுங்கள். இருநூற்றைம்பது டாலர் வில்."

வெர்னன் மூக்குக்கண்ணாடியைக் கீழிறக்கினார்.

"அது ஆயிரத்து நூறு டாலர், மேடம். இந்தக் கடையில் அதைவிட உயர்ந்த வில் கிடையாது."

"பெட்டியை நானே பார்த்தேனே!"

"பெட்டி மட்டும்தான் இருநூற்றைம்பது டாலர் வில்லுடையது. வாங்கிய அன்றே உங்கள் நண்பர் விலை குறைந்த வில்லின் காலிப் பெட்டி ஒன்று வேண்டுமென்று கேட்டார். கிடந்தது, கொடுத்தேன்."

மரகதம் கண்ணாடிக் கதவின் வழியே வெளியே பார்த்தாள். காரில் சேனாபதி தலையைத் தொங்கப்போட்டு அமர்ந்திருந்தார். ஊதாரிதான்; ஆனால் ஒளித்து வைக்கத் தெரியாத மனிதர். அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"என் கணவர் அப்படிப்பட்டவர் அல்லர். உண்மையான விலை ஒட்டிய பெட்டியோடுதான் வீட்டுக்கு வந்தார்."

"அவரும் கேட்டார், மேடம்" என்றார் வெர்னன். "அதற்குள் காலிப் பெட்டி தீர்ந்துவிட்டது."