நான்கு ஒயரும் ஒரு தோடியும்

திருச்சி வானொலி ஹரிராமின் காதில் கடைசியாகச் சொன்னது மணப்பாறைச் சந்தையின் மாட்டு விலை. உழவு மாடு ஜோடி என்ன விலைக்குப் போயிற்று என்று சொல்ல அறிவிப்பாளர் வாயெடுத்தார். அத்தோடு ஹெட்போன் செத்துப்போனது.

ஹரிராம் ஹெட்போனைத் தட்டினான். பிறகு தன் தலையைத் தட்டினான். இரண்டிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

மாட்டு விலை தெரியாமல் போனதில் அவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவன் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிறவன். ஆனால் அன்று சனிக்கிழமை. மறுநாள் மாலை ஏழு மணிக்கு அதே ஹெட்போனில் அவன் மனைவி சூடாமணி ஒரு தோடி ராகப் பாட்டைக் கேட்டாக வேண்டும்.

மகாலுக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த சௌராஷ்டிரத் தெருவில் ஒரு பஜனை சபா உண்டு. நவராத்திரிக்கு வருடாவருடம் அங்கே சூடாமணி பாடுவாள். இந்த வருடம் ஒத்திகையின்போது சபாவின் செயலாளர் நாகசுப்பிரமணியன் கையைத் தூக்கி அவளை நிறுத்திவிட்டார்.

"அனுபல்லவி முடியிற இடத்துல கீழ இறங்கணும்மா. நீ மேல போய் நிக்கிறே. தப்பு."

"எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"அவங்களும் தப்பு. ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்குத் திருச்சியில ஒரு அம்மா இதே பாட்டைப் பாடப்போறாங்க. எங்க வீட்டு ரேடியோவுல வந்து கேளு. திருத்திக்கிட்டா நவராத்திரிக்குப் பாடலாம். இல்லேன்னா வேற ஆளைப் பாக்குறேன்."

தெருவிலேயே கடையில் வாங்கிய ரேடியோ அவருடையது ஒன்றுதான். சூடாமணி சபை நடுவில் நிமிர்ந்து நின்று, "எங்க வீட்டுலயும் ரேடியோ இருக்கு. அதுல கேட்டுக்கறேன்" என்றாள். ஹரிராமின் நெஞ்சு ஒரு சாண் அகன்றது. இப்போது அது மறுபடி சுருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டு ரேடியோ என்பது ஒரு சுருட்டுப் பெட்டி, ஒரு வால்வு, மூங்கில் குழாயில் சுற்றிய கம்பிச் சுருள், கொஞ்சம் பேட்டரிக் கட்டைகள். திருகைக் கொஞ்சம் திருப்பினால் திருச்சி கேட்கும். அதிகம் திருப்பினால் பெட்டி ஊளையிடும். அந்த ஊளை அதோடு நிற்காது. நாலு வீடு தள்ளி நாகசுப்பிரமணியனின் ரேடியோவுக்குள்ளும் போய்க் கத்தும். அவர் இரண்டு முறை வந்து சத்தம் போட்டுவிட்டார். இன்னொரு முறை கேட்டால் போலீசுக்கு எழுதிப்போடுவதாகவும் சொல்லியிருந்தார்.

ஹரிராம் காய் நறுக்கும் கத்தியால் ஹெட்போனைத் திறந்தான். உள்ளே மயிரைவிட மெல்லிய கம்பி. அதைத் தொட்டதுதான் தெரியும். அதுவரை ஒரு காதாவது பிழைக்கும் என்றிருந்தது. இப்போது இரண்டும் அமைதி அடைந்தன.

ஞாயிறு மதியம் கோச்சடையிலிருந்து நல்லகாமன் சைக்கிளில் வந்தான். வைகைக் கரையில் நெல் போடுகிறவன். ரேடியோக் கிறுக்கு பிடித்து மூன்று பெட்டிகள் கட்டி, மூன்றையும் பிரித்துப்போட்டவன்.

"என்ன மாப்ள, மூஞ்சி தொங்குது?"

"ஹெட்போன் போச்சுண்ணே. ரெண்டு காதும்."

"அது ஹெட்போன் கோளாறு இல்ல. சுருள் கோளாறு."

"ஹெட்போனைப் பிச்சுக் கையில வச்சிருக்கேன். சுருள் கோளாறுங்கிறீங்க!"

"சுருள்ல சத்து இருந்தா ஹெட்போன் ஏன் சாகுது? கம்பியைக் கொண்டா. இன்னும் இருபது சுத்து சுத்துவோம்."

நாற்று வாடினால் தண்ணீர், ரேடியோ வாடினால் சுருள். நல்லகாமனுக்கு இரண்டும் ஒரே விவசாயம்தான். இருவரும் சுற்றி முடித்தார்கள். நல்லகாமன் திருப்தியோடு துண்டை உதறினான்.

"இப்ப கணீர்னு கேக்கும் பாரு."

"எதை வச்சுண்ணே கேக்குறது?"

நல்லகாமன் பெட்டியைப் பார்த்தான். பிறகு சைக்கிளை எடுத்தான். வெயில் தாழும் நேரத்தில் அவனியாபுரத்துச் சைக்கிள் கடைக்கார முத்திருளனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திரும்பினான். முத்திருளனும் அதே கிறுக்குதான். அவன் மடியில் பழைய சாமான் கடையில் வாங்கிய டெலிபோன் கைப்பிடி ஒன்று இருந்தது. ஒரு முனை காதுக்கு, மறுமுனை வாய்க்கு.

"காதுக்குத்தானண்ணே வேணும்? இந்தா, இதுல காது இருக்கு."

காது இருந்தது. ஆனால் அதிலிருந்து நான்கு ஒயர்கள் தொங்கின. ஹெட்போனுக்கு இருந்தவை இரண்டே இரண்டு.

"இதுல எந்த ரெண்டுடா?" என்றான் ஹரிராம்.

"அது தெரிஞ்சா நான் ஏண்ணே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுறேன்?"

"நாலையும் முடிஞ்சுருவோம்" என்றான் நல்லகாமன்.

"நாலையுமா?"

"ஒன்னை விட்டோம்னு வையி, அதுதான் முக்கியமான ஒயரா இருக்கும். எதுக்கு வம்பு? கல்யாணப் பத்திரிகை வச்சா எல்லாருக்கும் வைக்கணும்."

நான்கையும் முடிந்தார்கள். முத்திருளன் கைப்பிடியை எடுத்துக் காதில் வைத்தான். அவன் கண்கள் விரிந்தன.

"அண்ணே! யாரோ பேசுறாங்கண்ணே!"

"என்ன பேசுறாங்க?"

"‘அண்ணே, யாரோ பேசுறாங்கண்ணே’ன்னு பேசுறாங்க!"

ஹரிராம் அதைப் பிடுங்கி, "ஹலோ" என்றான். அவனுடைய ஹலோ அவன் காதிலேயே விழுந்தது.

"நம்ம குரல்தான் நமக்கே கேக்குது."

"அப்ப வேலை செய்யுது" என்றான் நல்லகாமன்.

"திருச்சி கேக்கலையேண்ணே!"

"கிட்டக்க இருக்கிறது கேக்குதுல்ல? தூரத்துல இருக்கிறதுக்குச் சத்து பத்தலை. இம்புட்டு கட்டைய வச்சுக்கிட்டுத் திருச்சியக் கூப்பிட்டா அது எப்படி வரும்?"

சத்து ஏற்றினார்கள். முத்திருளன் தெருமுனைக் கடையில் டார்ச் கட்டைகள் வாங்கிவந்து வரிசையாகக் கட்டினான். ஏரியல் கம்பியை, மாடியில் சாயநூல் காயப்போடும் நீளக் கம்பியோடு ஹரிராம் இணைத்தான். நல்லகாமன் திருகை வலதுபக்கம் கடைசி வரை திருப்பி, அதற்கு மேலும் திருப்ப முடியுமா என்று பார்த்தான். வால்வு இதுவரை காட்டாத வெளிச்சத்தைக் காட்டியது.

மணி ஏழாயிற்று. கைப்பிடியில் திருச்சி வரவில்லை. மூன்று பேரின் மூச்சுதான் வந்தது.

"சுருள்ல ஏன் கை வச்சீங்க?" என்றான் ஹரிராம்.

"நான் கை வைக்கலேன்னா இதுவும் கேட்டிருக்காது!"

"எது?"

"உன் மூச்சு!"

"மாமன் மச்சானாட்டம் சண்டை போடாதீங்கண்ணே, மணி போகுது!" என்று முத்திருளன் கத்தினான்.

சூடாமணி காப்பியோடு வந்தாள். மூன்று தலைகளும் குனிந்தன.

"வந்துச்சா?"

"நாலு ஒயரையும் குடுத்துட்டோம் தங்கச்சி" என்றான் நல்லகாமன், அதுவே ஓர் ஆறுதல் என்பதுபோல.

அவள் டம்ளர்களை வைத்துவிட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். "நாளைக்குச் செயலாளர் வந்து கேப்பாரு. கேட்டேன்னு பொய் சொல்லணும். இல்ல, கேக்கலேன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கணும். பொய் சொன்னா மட்டும்? பாடச் சொன்னா மாட்டிக்குவேன்."

ஹரிராம் கையிலிருந்த டெலிபோன் கைப்பிடியைப் பெட்டியின் மேல் சாத்தி நிறுத்தினான்.

முத்திருளனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்படி என்னதான் தாயி தப்புங்கிறாரு? பாடித்தான் காட்டுங்களேன். எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தப்பா இருந்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவோம்."

சூடாமணி சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் பாடினாள்.

சபையில் பாடுவதுபோல் அல்ல. யாருக்கும் நிரூபிக்க வேண்டியது இல்லாததால் நிதானமாகப் பாடினாள். அனுபல்லவி முடிகிற இடத்தில் மேலே போனாள். அங்கேயே நின்றாள். இறங்க மனமில்லாமல் நின்றாள். நல்லகாமன் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே மறந்துபோனான். அந்தக் குரலைக் கேட்டவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சம்தான்.

பாட்டு முடிந்தது. ஹரிராம் ஒயரை அவிழ்க்கப் பெட்டியருகே குனிந்தான். சூடாமணி சட்டென்று, மற்ற இருவருக்கும் புரியாதபடி, தங்கள் சௌராஷ்டிர பாஷையில் சொன்னாள்:

"வேட்டி பின்னால கிழிஞ்சிருக்கு, குனியாதீங்க."

ஹரிராம் அம்பாய் நிமிர்ந்தான்.

"தங்கச்சி என்ன சொல்லுது மாப்ள?"

"காப்பி ஆறுதுங்கிறா."

அந்த நேரத்தில் வால்வு ஒரு முறை பளீரென்று எரிந்து, ஏற்றிய சத்தெல்லாம் போதும் என்பதுபோல் நிரந்தரமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

காலையில் வாசலில் நாகசுப்பிரமணியனின் குரல் கேட்டது. ஹரிராம் நல்ல வேட்டியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு ஓடினான். அவருடன் அவர் மனைவி வசுந்தராவும் வந்திருந்தாள்.

"ஐயா, ராத்திரி ஊளை ஏதும் கேட்டிருந்தா, வேணும்னு செய்யலை..."

"ஊளையா? அதெல்லாம் கெடக்கட்டும். மொதல்ல ஏதோ நாடகம் போட்டாங்க, ஒரே கூச்சல். அப்புறம் வந்தது பாரு பாட்டு! எங்க சூடாமணி?"

சூடாமணி உள்ளிருந்து வந்து தூணருகே நின்றாள்.

"கேட்டேல்ல? அனுபல்லவியில எம்புட்டு அழகா கீழ இறங்கினாங்க! அதும்மா தோடி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எங்க, இப்ப பாடு."

அவளுக்கு அந்த அம்மாள் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. தெரியாததைப் பாட முடியாது. பொய்யும் வரவில்லை. ஆனது ஆகட்டும் என்று தன் பாட்டைத் தன் வழியிலேயே பாடினாள். அனுபல்லவி முடிவில் மேலே போய் நின்றாள்.

ஹரிராம் கண்களை இறுக மூடிக்கொண்டான். நாகசுப்பிரமணியனும் மூடிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் தலை ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா! ஒரே ராத்திரியில திருந்திருச்சு! அச்சு அசலா அந்தம்மாவேதான். நவராத்திரி முதல் நாள் கச்சேரி உன்னோடது. வேற யாரும் கிடையாது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"நான் ஒன்னையும் மாத்தலையே" என்றாள் சூடாமணி, ஹரிராமைப் பார்த்து. அவள் அதன் பிறகும் மாற்றவில்லை. பாடிய கடைசி நாள் வரை அந்த இடத்தில் மேலேதான் போய் நின்றாள்.

கணவர் நாலு எட்டு போகும்வரை காத்திருந்த வசுந்தரா, சூடாமணியின் காதருகே குனிந்தாள்.

"பாட்டு கெடக்கட்டும்டி. பாடி முடிச்ச கையோட அந்தம்மா நம்ம பாஷையில, ‘வேட்டி பின்னால கிழிஞ்சிருக்கு, குனியாதீங்க’ன்னு யாருக்கோ சொன்னாங்களே, திருச்சி ரேடியோவுல நம்மாளுங்க யாருடி இருக்கா?"