குன்வோரின் பூட்டுக்குப் பக்கத்தில்

உப்சாலா, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தங்கை மேர்த்தாவுக்கு,

உன் முழங்கால் இந்தக் குளிரைத் தாங்குகிறதா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் சரியில்லை. குழப்பாமல் எழுத வேண்டுமென்று, சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்:

1. என் வீட்டில் அறை எடுத்திருக்கும் கல்லூரி மாணவன் எலோஃப்தான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம்.
2. கீழ்வீட்டுப் பெண்மணி குன்வோருக்கும் எனக்கும் சொல்லாமலே ஓர் உடன்பாடு உண்டு. (உண்டென்று நினைக்கிறேன்.)
3. வாய்விட்டுக் கேட்டால் காதல் செத்துவிடும்.
4. எலோஃபை வெளியேற்றலாமா என்று நீ சொல்ல வேண்டும்.

எலோஃபுக்கு இல்வா என்றொரு வகுப்புத் தோழி. இருவரும் என் சமையலறையில்தான் காதலிக்கிறார்கள். திங்களன்று நான் ஊறுகாய் மீன் எடுக்கக் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டிருந்தபோது அவன், "முத்தம் குடுக்கட்டுமா?" என்றான். "இப்ப வேணாம்டா, பரீட்சையே மண்டைக்குள்ள ஓடுது." "சரி. காபி?" "அது வேணும்." அவ்வளவுதான், மேர்த்தா! மறுக்கப்பட்டவன் முகம் சுண்டவில்லை, காபி கலக்கிய கரண்டிகூட நிற்கவில்லை. என்னை யாராவது அப்படி மறுத்திருந்தால் ஊரையே மாற்றிக்கொண்டு போயிருப்பேன். பொறாமையில் மீன் ஜாடியை மூடாமலே வைத்துவிட்டேன். "இதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா? எனக்கும் குன்வோருக்கும் கண்ணாலேயே புரியும்" என்றேன். இல்வா, "அவங்களுக்கும் புரியும்னு அவங்க சொன்னாங்களா?" என்றாள். அதிகப்பிரசங்கி.

எங்கள் உடன்பாடு இதுதான்: கட்டடத்தின் பொதுச் சலவை அறையில், துவைக்கும் நேரத்தை அவரவர் பூட்டு மாட்டிக் குறித்துவைக்கும் பலகையில், குன்வோர் தம் பூட்டை எந்த நேரத்தில் மாட்டுகிறாரோ, அதற்கு அடுத்த நேரத்தில் என் பூட்டை மாட்டுவேன். ஒரு வருடமாக இப்படி. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? ஆனால் புதன்கிழமை முற்றத்தில் அந்த எலோஃப், "குன்வோர், கூடையத் தூக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்க, அவர், "தூக்குப்பா! கேட்டுச் செய்யறவன் ஒருத்தனாவது இந்தக் கட்டடத்துல இருக்கியே" என்று சிரித்தார். எனக்கு அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. அவனை மிஞ்சியே தீருவதென்று நேற்று அவர் வருவதற்கு முன்பே துணி உலர்த்தும் இயந்திரத்தைத் திறந்து, அவருடைய துணியையெல்லாம் மடித்து, விரிப்புகள் கீழே, உள்ளாடைகள் மேலே என்று அளவுப்படி அடுக்கி வைத்தேன். கதவில் குன்வோர்.

"என் துணியத் தொடச் சொன்னது யாரு?"

"உதவியா இருக்குமேன்னு..."

"ஆல்கோத், ஒரு வருஷமா என் நேரத்துக்கு அடுத்தாப்ல உங்க பூட்டுதான் தொங்குது. எப்ப வந்து கதவத் தட்டுவீங்களோன்னு பயந்து, காயறதுக்குள்ள ஈரத்தோட அள்ளிக்கிட்டு ஓடறேன். எங்க வீடு முழுக்க ஈரத் துணி!"

பூட்டாக நான் மாட்டிய காதல் கடிதங்களையெல்லாம் அவர் வெளியேறச் சொல்லும் அறிவிப்பாகப் படித்திருக்கிறார். இனி அவருடன் பேசுவதில்லை. துணியைக் குளியல் தொட்டியிலேயே துவைத்துக்கொள்வேன். எல்லாவற்றுக்கும் அந்தப் பையன் காட்டிய முன்மாதிரிதான் காரணம். (அப்படித்தானே?)

உன் வீட்டில் கணப்பு அணையாமலும், உன் கணவரின் இருமல் தங்காமலும் இருக்கட்டும்.

உன் அண்ணன்,
ஆல்கோத்

பி.கு (சனிக்கிழமை): நேற்று இதைத் தபாலில் போடப் போகும்போது படிக்கட்டில் குன்வோர் எதிர்ப்பட்டார். "துணியத் தொட்டது தப்பு. என் பூட்ட வேற நாளுக்கு மாத்திடறேன். ஞாயித்துக்கிழமை எங்கூட காபி குடிக்க வரீங்களா? வேணாம்னாலும் பரவாயில்ல" என்றேன். "வேணாம்" என்றார். "சரி" என்றேன். கூரை இடிந்து விழவில்லை. அவர் இரண்டு படி இறங்கித் திரும்பினார். "நிஜமாவே சரியா?" "சரிதான்." "அப்ப யோசிக்கிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார். எலோஃப் இங்கேயே இருக்கட்டும். மூன்றாம் குறிப்பு தவறு, மேர்த்தா: கேட்டதில் செத்தது என் தூக்கம் மட்டும்தான்.