மூன்று விசிலும் நான்கு முட்டையும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீயும் தங்கச்சியும் தெம்பாக இருக்க வேண்டும், முக்கியமாக நீ. இதைப் படித்து முடிக்கையில் தலைகுனிய வேண்டியிருக்கும்.

போன முறை வந்தபோது எங்கள் பழைய சுரங்கப் பள்ளத்தின் விளிம்பில் நின்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அத்தான், இதுல குப்பையைக் கொட்டி மூடிட்டா ஊருக்கே நிம்மதி. உங்கள்ல பாதிப் பேருக்கு முட்டி வலி, நீங்க பூங்கா போடப்போறீங்களா?" முப்பத்தோரு வருஷம் நான் வெடி வைத்த பள்ளம் அது. சுரங்கத்தை மூடிய பிறகு மழைத் தண்ணீர் தேங்கி ஏரியாகி, மரம் முளைத்துக் கிடக்கிறது. அதைக் குப்பைமேடாக்கினால் நான் எந்த முகத்தோடு அந்தப் பக்கம் நடப்பேன்?

நாங்கள் இருபத்துமூன்று தொண்டர்கள், பெரும்பாலும் பழைய சுரங்கக்காரர்கள், நான்கு மாதம் முள் வெட்டி, பாதை போட்டு, பெஞ்சு அடித்தோம். மூன்றாவது பெஞ்சு என் கைவேலை, ஆடாது. வியாழக்கிழமை நகராட்சி அதிகாரி பார்க்க வருவார், அவருக்குப் பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை குப்பை லாரி வரும் என்று தகவல். எங்கள் தலைவி டீச்சரம்மா, ஜீப் வந்ததும் எல்லோரும் வரிசையில் நிற்க ஒரு விசில் கொடுக்கச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். அதிகாரி இறங்கினார். நானும் என் பழைய விசிலை வாயில் வைத்தேன். பழக்கதோஷம், மூன்று முறை நீளமாக ஊதிவிட்டேன். மூன்று விசில் என்றால் எங்கள் சுரங்கத்தில் வெடி வெடிக்கப்போகிறது, தரையில் படு என்று அர்த்தம். அத்தனை பேரும் பொத்பொத்தென்று விழுந்தார்கள். என்ன சிக்னல் கொடுத்தோம் என்று தெரிந்தும் நானும் விழுந்தேன். எங்களோடு சுரங்கத்தில் இருந்த கிரேன்காரர் பொறுப்பானவர். "சார், தலையப் பொத்துங்க" என்று அதிகாரியையும் இழுத்துச் சரளைக்கல்லில் குப்புறப் படுக்க வைத்துவிட்டார். எழுந்திருக்க வேண்டுமானால் ஒற்றை விசில் கேட்க வேண்டும், அது சட்டம். விசிலோ நான் விழுந்த வேகத்தில் எங்கோ உருண்டுவிட்டது. சட்டத்தை மீற எங்களில் ஒருவனுக்கும் மனசு வரவில்லை, கிடந்தோம். சுரங்கத்தில் வேலை பார்க்காத டீச்சரம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் விசிலைத் தேடி எடுத்து, எத்தனை என்று தெரியாமல், பாவம், மூன்று ஊதினார். தலைதூக்கிய நாலு பேரும் மறுபடி படுத்தார்கள்.

பத்து நிமிஷம் அப்படியே போனது. தலைக்கு மேல் ஒரு ஆள்காட்டிக் குருவி கத்திக் கத்தி எங்களைத் திட்டியது. பதினைந்து நாளாகவே அது அப்படித்தான், மரியாதை தெரியாத குருவி என்று நினைத்திருந்தேன். அப்போது அதிகாரி, கன்னத்தைக் கல்லில் வைத்தபடி, மெதுவாகச் சொன்னார்: "யாரும் அசையாதீங்க. என் மூக்குக்கு நேரா நாலு முட்டை இருக்கு." கூழாங்கல் மாதிரியே புள்ளி போட்ட முட்டைகள். படுக்காமல் யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது. பிறகு, "இந்த இடத்த எட்டு வருஷமா ஃபைல்லதான் பாத்திருக்கேன். இங்க குப்பை வராது" என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சரளைத் தூசி என்று கிரேன்காரரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே மைத்துனா, வெற்றி. அடுத்த விடுமுறைக்கு வா. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், என் பெஞ்சில் உட்கார வைத்து, நீ சொன்ன சொல்லை வாபஸ் வாங்க வைக்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. உனக்கு மட்டும் நீ வந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உத்தரவு வந்தது. குப்பை கொட்டத் தடை. குஞ்சுகள் பறக்கும்வரை மனிதர்கள் நுழையவும் தடை. கூடு இருப்பது நாங்கள் போட்ட பாதையின் நட்டநடுவில், என் பெஞ்சுக்குப் பத்தடி முன்னால். விசிலுக்குத் தனியாக ஒரு பத்தி எழுதித் தடை போட்டிருக்கிறார்கள், உன் அக்கா அதை மட்டும் மூன்று முறை படித்துச் சிரித்தாள். இருபத்துமூன்று பேரும் வேலிக்கு வெளியே நிற்கிறோம். வேலியும் நாங்கள் போட்டதுதான். இன்று காலை இரண்டு குஞ்சு பொரிந்து என் பெஞ்சடியில் நிழலுக்கு உட்கார்ந்திருக்கின்றன. எப்படியும் வா, வேலிக்கு வெளியே நின்றும் வாபஸ் வாங்கலாம். மெதுவாகப் பேசு.