ஜம்புநாதன் பாய்லர் பார்த்த படலம்

அமெரிக்காவின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அந்தச் சனிக்கிழமை காலை ஜம்புநாதன் ஒரு சபதம் எடுத்தார். இந்த வீட்டுக்குள் இனி எந்த டெக்னீஷியனும் காலடி எடுத்து வைக்கக் கூடாது. சபதம் எடுக்கும்போது அவர் தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர். பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஜனவரி. உள்ளேயும் கிட்டத்தட்ட அதே ஜனவரிதான். வீட்டைச் சூடாக்கும் காஸ் பாய்லர் ராத்திரி எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது.

"ஏங்க, சர்வீஸுக்கு ஃபோன் பண்ணட்டுமா?" என்றாள் மனைவி மாளவிகா.

"எதுக்கு? ஒரு மருந்து கம்பெனியோட மொத்த டேட்டாபேஸும் என் கையில ஓடுது. தண்ணி சுட வைக்கற ஒரு டப்பாவ எனக்குப் பாக்கத் தெரியாதா?"

"போன தடவை பாத்ரூம் குழாய ரிப்பேர் பண்ணீங்களே..."

"நல்லதச் சொல்லவே மாட்டியே. சம்மர்ல பெயிண்ட் அடிச்சேனே, அதச் சொல்லேன்."

அடித்தது வாஸ்தவம்தான். பேஸ்மென்ட் படிக்கட்டுப் பக்கம் முழுக்க அவரே வெள்ளை அடித்தார். சுவர், கதவு நிலை, ஆணி, சுவிட்ச் எதையும் விட்டுவைக்கவில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றிருந்தால் மாளவிகாவுக்கும் ஒரு கோட் விழுந்திருக்கும்.

வெற்றிப் பெருமிதத்தோடு ஹாலுக்கு வந்தவர், பழக்க தோஷத்தில் கிச்சன் விளக்கை அணைத்தார்.

"நான் உள்ளதான் இருக்கேன்!" என்று இருட்டிலிருந்து மாளவிகாவின் குரல் வந்தது.

ஹாலில் மகள் ரக்ஷா ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டரைக் கட்டிக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

"இது ஏது?"

"பக்கத்து வீட்டு ஜெயலீலாகிட்ட வாங்கினேன்" என்றாள் மாளவிகா, காபியோடு வந்து.

"எப்ப?"

"நேத்து சாயந்திரம்."

"நேத்து சாயந்திரம் வீடு கதகதன்னுதானே இருந்துது?"

"என்னமோ மனசுல பட்டுச்சுங்க."

பெண்களுக்கு மனசில் ஏதாவது பட்டுக்கொண்டேதான் இருக்கும் என்று ஜம்புநாதன் அதை அப்படியே விட்டுவிட்டார். விட்டிருக்கக் கூடாது.

செல்ஃபோனில் ஒரு வீடியோ கிடைத்தது. தாடிக்கார அமெரிக்கர் ஒருவர், முதலில் தெர்மோஸ்டாட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள் என்றார். ஜம்புநாதன் டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியை உருவி மாட்டினார். தெர்மோஸ்டாட் பளிச்சென்று உயிர்பெற்று, வீடு எவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது என்பதை முன்னைவிடத் தெளிவாகக் காட்டியது.

"ஒருவேளை காஸே வரலியோ?"

"இப்பக் குடிக்கறீங்களே காபி, அது எந்த அடுப்புல போட்டதாம்?"

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் ஜம்புநாதன்.

அடுத்தது பாய்லரையே நேரில் பார்ப்பது. அங்கேதான் சிக்கல். படிக்கட்டுக்கும் பாய்லருக்கும் நடுவே பேஸ்மென்ட் முழுக்க அவருடைய அட்டைப்பெட்டிகள் நின்றன. டிவி பெட்டி, மைக்ரோவேவ் பெட்டி, ரக்ஷா பிறந்தபோது வாங்கிய கார் ஸீட்டின் பெட்டி. ரக்ஷா இப்போது காரே ஓட்டுகிறாள். அந்த டிவியைத் தூக்கிப் போட்டு எத்தனையோ வருஷமாயிற்று, பெட்டி மட்டும் பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால்? வீடு மாற்றினால்? ஊருக்குச் சாமான் அனுப்பினால்? எல்லாவற்றுக்கும் ஜம்புநாதன் தயாராக இருந்தார்.

மாளவிகா திருச்சியில் படிக்கும்போது யூனிவர்சிட்டி டீமில் டேபிள் டென்னிஸ் ஆடியவள். பேஸ்மென்டில் ஒரு டேபிள் போட வேண்டும் என்பதுதான் இந்த நாட்டில் அவளுக்கிருந்த ஒரே ஆசை. வருஷக்கணக்காகக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஜம்புநாதன் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "பெட்டியெல்லாம் எங்க வைக்கறது?" ஒரு தடவை அவள் அழுதேவிட்டாள். ஜம்புநாதனும் கல்நெஞ்சக்காரர் இல்லை. கண்ணைத் துடைக்க டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். பிறகு காலியான டிஷ்யூ பெட்டியைப் பேஸ்மென்டுக்கு எடுத்துப் போனார்.

அவர் பெட்டிகளுக்கு முன்னால் திகைத்து நின்றபோது ஜெயலீலாவின் கணவர் சுவிசேஷமுத்து வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டைக்காரர். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"என்னவே ஜம்பு, இது வீடா குடோனா? தீ எரியுத எடத்துல இம்புட்டு அட்டையா? பாய்லரச் சுத்தி எடம் விடணும்னு தெரியாதாவே? சர்வீஸ்காரன் வந்தாம்னா கையே வைக்க மாட்டான்."

"சர்வீஸ்காரன் எதுக்கு? நானே பாக்கப் போறேன்."

"சரி. பாய்லர்கிட்ட எப்படிப் போவீரு? நீந்தியா?"

படிக்கட்டின் மேலிருந்து மாளவிகாவின் குரல் மிகவும் கனிவாக வந்தது. "வேண்டாங்க. பாவம், ஆசை ஆசையா சேத்து வச்சது. உங்களால முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் டெக்னீஷியனக் கூப்பிட்டு, அவர் கால்ல கைல விழுந்தாவது பாக்கச் சொல்றேன்."

"யாரால முடியல?" என்று ஜம்புநாதன் குல்லாவைக் கழற்றி எறிந்தார். "எடுய்யா அந்தக் கட்டர!"

அன்று முழுக்க அவர் பெட்டிகளைக் கிழித்துத் தட்டையாக்கினார். சுவிசேஷமுத்து அவற்றைத் தன் மினிவேனில் அடுக்கி டவுன்ஷிப்பின் ரீசைக்ளிங் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டிக் கொட்டி வந்தார். நல்லவேளை, வேன் காலையிலேயே ஸீட்டெல்லாம் கழற்றித் தயாராக இருந்தது. அது ஏன் என்று ஜம்புநாதனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. டிவி பெட்டியின் முறை வந்தபோது கட்டரைக் கீழே வைத்துவிட்டார். "இதோட கைப்பிடியப் பாருங்க முத்து. இப்பல்லாம் இந்த மாதிரி யார் செய்யறான்?" என்றார். மாளவிகா பின்னாலேயே வந்து தரையைப் பெருக்கித் துடைத்தாள். பாய்லர் பார்க்கத் தரையை எதற்குத் துடைக்கிறாள் என்றும் அவர் கேட்கவில்லை.

ஒருவழியாகப் பாய்லர் தரிசனம் கிடைத்தது. பிரஷர் முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டிஸ்ப்ளேயில் எழுத்தில்லை, விளக்கில்லை, ஒரு முனகல்கூட இல்லை. ரீசெட் பட்டனை அழுத்தினார். செல்லமாகத் தட்டினார். பிறகு அந்தக் காலத்து டிவியைத் தட்டுகிற மாதிரி தட்டினார். கை வலித்ததுதான் மிச்சம்.

வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காற்று அடைத்திருக்கலாம் என்றார் தாடிக்காரர். ஜம்புநாதன் மேலே ஹாலுக்கு ஓடி, ரேடியேட்டரின் ஓரத்துத் திருகைத் திருப்பினார். காற்று வரவில்லை. கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது.

"அப்பா! டோன்ட் மூவ்!" என்று அலறினாள் ரக்ஷா.

மகள் காப்பாற்றப் போகிறாள் என்று அவர் அசையாமல் நின்றார். அவள் ஃபோட்டோ எடுத்தாள்.

பொழுது சாயும்போது ஜம்புநாதன், ஒரு பக்க முகம் கறுப்பாக, சபதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

"மாளவி, அந்த டெக்னீஷியன் நம்பர் இருக்கா?"

"இருக்குங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாக்கட்டுமா?"

"நீயா? என்னாலயே முடியல! உனக்கு பாய்லரப் பத்தி என்ன தெரியும்?"

அவள் கீழே இறங்கக்கூட இல்லை. பேஸ்மென்ட் படிக்கட்டின் மேல்படியில் நின்றாள். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளை சுவிட்சுகள். ஒன்று பேஸ்மென்ட் விளக்கு. அவள் மற்றதைத் தட்டினாள்.

கீழே டிக் டிக் டிக் என்றது. பிறகு புஃப் என்று பற்றிக்கொண்டது. குழாய்களெல்லாம் சோம்பல் முறித்தன.

"அ... அது என்ன சுவிட்ச்?"

"பாய்லரோட எமர்ஜென்சி சுவிட்சுங்க. எல்லார் கண்ணுலயும் படட்டும்னு சிவப்பா வச்சிருந்தான். நீங்கதான் வெள்ளை அடிச்சிட்டீங்க."

"அத யாரு ஆஃப் பண்ணினது?"

"படுக்கப் போறப்ப வீட்ல ஒரு சுவிட்ச் பாக்கி இல்லாம தட்டிட்டு வர்றது யாரு?"

ஜம்புநாதன் யோசித்தார். அவருக்கு ஒரு பெரிய ஓட்டை தென்பட்டது. "பொய் சொல்லாத! நான் தினமும்தான் தட்டறேன். அப்ப இத்தன நாளா எப்படி ஓடுச்சு?"

"தினமும் நான் பின்னாடியே வந்து போட்டேன்."

"நேத்து?"

"நேத்து மட்டும் போடல."

"இத முன்னாடியே எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னேன். கரண்ட் பில் யார் கட்டறதுன்னு கேட்டீங்க."

ஜம்புநாதன் பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் வாசல் மணி அடித்தது. டெலிவரி ஆட்கள் இரண்டு பேர் மூச்சுவாங்க எதையோ உள்ளே கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவிசேஷமுத்துவும் ஜெயலீலாவும், ஆளுக்கொரு டேபிள் டென்னிஸ் மட்டையோடு.

கொஞ்ச நேரத்தில் பேஸ்மென்டின் பளபளத்த தரையில் நீல நிற டேபிள் விரிந்துவிட்டது. பந்து டக் டக் என்று துள்ளியது. மாளவிகா அடித்த முதல் அடியில் சுவிசேஷமுத்து ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். பாய்லர் உற்சாகமாக இரைந்தது. ஜம்புநாதன் யாரையும் பார்க்கவில்லை. டேபிள் வந்த பெட்டியை மட்டும் பார்த்தார். ஆள் உயரம், கனத்த அட்டை, இரண்டு பக்கமும் கைப்பிடி. அப்படி ஒரு பெட்டியை அவர் ஆயுசில் கண்டதில்லை. மெல்லப் போய் அதைத் தடவிக் கொடுத்தார்.

மாளவிகா பந்தைக் கையில் பிடித்து ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்தினாள்.

"பெட்டிய நீங்களே வச்சுக்கோங்க. எங்க வைக்கறதுன்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."